வெள்ளாற்றுச் சேறும் வெற்றுக் குடுவையும்

பரங்கிப்பேட்டைக்கு மேற்கே, நெல்வயல்களின் வடிகால் வெள்ளாற்றில் வந்து விழும் இடத்தில் படகை நிறுத்தினார்கள். ஆற்றடிச் சேற்றில் பூச்சிக்கொல்லியைத் தேட, களப்பணியாளர் ஓர் எஃகுப் பெட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். எக்மன் கிராப் என்று அதற்குப் பெயர். அடியில் போய் உட்கார்ந்ததும் கயிற்றின் வழியே ஒரு சிறு எடையை நழுவவிட்டார். கீழே தாடை இரண்டும் மூடிக்கொண்டன. மேலே வந்ததைப் பார்த்த கையோடு வாளியில் கொட்டிவிட்டார். தாடைக்கு நடுவே சிப்பி சிக்கி, சேறு வழியெல்லாம் ஒழுகியிருந்தது. “மேல் தோலுதான் சார் புதுசாப் படிஞ்சது. அது கழுவிப் போயிட்டா மீதி எதுக்கு?” என்றவர், படகைத் தள்ளி நிறுத்தச் சொன்னார். கலங்கிய இடத்தில் மறுபடி எடுக்கக் கூடாதாம்.

அடுத்த முறை பெட்டி ஒழுகாமல் வந்தது. சுவரில் ஒட்டியதைத் தொடாமல், நடுவிலிருந்து மேல் 2 சென்டிமீட்டரை மட்டும் எஃகுக் கரண்டியால் வழித்துக் கண்ணாடிப் புட்டியில் இட்டு ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். பிளாஸ்டிக் சேற்றில் படக் கூடாது. அதிலிருந்து கசியும் தாலேட் என்ற வேதிப்பொருள், ஆய்வகக் கருவியில் பூச்சிக்கொல்லி போலவே தலைகாட்டும். கொசு மருந்து பூசிக்கொண்டும் யாரும் படகேற முடியாது.

பழைய பூச்சிக்கொல்லிகளான டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் தண்ணீரில் எளிதில் கரையாதவை. களியோடும் மக்கோடும் ஒட்டிக்கொண்டு ஆற்றடியில் தங்கிவிடும். டி.டி.டி.யை வயலில் அடிக்க 1989இல் தடை வந்தது, பி.எச்.சி.க்கு 1997இல். எண்டோசல்ஃபானை 2011இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. இதே வெள்ளாற்றுப் பகுதியில் 1980களின் இறுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை ஆய்வாளர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, வயலில் தூவிய பி.எச்.சி. எங்கே போகிறது என்று தேடினார்கள். மிகப் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றோடு போனதைக் கண்டார்கள். ஆக, நம் வெயிலில், சேற்றில் குறைவாக இருப்பதை வைத்துக் குறைவாகத்தான் தூவினார்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அறிக்கையில் சின்ன எண்ணைப் பார்த்ததும் நிம்மதி கொள்கிற நம் வழக்கம் எனக்குக் கவலை தருகிறது.

ஆய்வகத்தில் சேற்றை அடுப்பில் வைத்து உலர்த்துவதில்லை. தேடுவதே சூட்டில் பறந்துவிடும். நிழலில் உலர்த்திச் சலித்து, ஈரம் இழுக்கும் சோடியம் சல்பேட்டோடு அரைத்து, சாக்ஸ்லெட் கருவியில் இடுகிறார்கள். ஹெக்சேனும் அசிட்டோனும் கலந்த திரவம் கொதித்து, குளிர்ந்து, சேற்றில் சொட்டி, நிரம்பி வழிந்து மறுபடி கொதிக்கும். மணிக்கு நாலைந்து சுற்று, இரவு முழுக்க. காலையில் குடுவையில் பழுப்பு நிறச் சாறு நிற்கிறது. கழிமுகச் சேற்றில் கந்தகம் ஏராளம். அதை எடுக்காமல் கருவியில் செலுத்தினால் பூச்சிக்கொல்லியைக் காட்டும் பீக் (முகடு) எல்லாம் அதன் மேட்டில் புதைந்துவிடும். அமிலத்தில் கழுவிய செப்புத் தூளை ஆய்வகத்தில் வேலை செய்யும் பெண் ஒருவர் சாற்றில் போட்டார். பளபளத்த செம்பு கண்ணெதிரே கறுத்தது. இன்னும் கொஞ்சம் போட்டார்; அதுவும் கறுத்தது. செம்பு நிறம் மாறாமல் நிற்கும்வரை போட்டுக்கொண்டே இருந்தார். எவ்வளவு போட வேண்டும் என்பதைச் செம்பின் நிறம்தான் சொல்கிறது. பிறகு ஃபுளோரிசில் தூள் நிரப்பிய குழாயில் வடித்து, 1 மில்லிலிட்டராகச் சுண்டவைத்து, அதில் 1 மைக்ரோலிட்டரை ஜி.சி. எனும் வாயு நிறப்பகுப்புக் கருவிக்குள் செலுத்துகிறார்கள்.

ஒவ்வொரு தொகுதியோடும் சேறே இல்லாத ஒரு குடுவை இதே பாதையில் போகிறது. அதுதான் பிளாங்க். அதில் ஒரு பீக் எழுந்தால் அழுக்கு ஆற்றினுடையது அல்ல, ஆய்வகத்தினுடையது. அந்தத் தொகுதி முழுவதும் போச்சு. அதனால்தான் கண்ணாடி கழுவுகிறவரைப் பார்க்கப் போனேன். சோப்பு, குழாய்த் தண்ணீர், வாலை வடித்த நீர், அசிட்டோன், ஹெக்சேன், அதன்பின் 400 டிகிரி உலை. “ஒரு குடுவையில விட்டாலும் அக்காவோட ராத்திரி வேலை வீணாயிடும்” என்றார். தினக்கூலி. ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் வராது. வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு எண்ணும் அவர் கையைக் கடந்துதான் வருகிறது.

எண்ணை வாசிப்பதும் தனிக் கலைதான். டி.டி.டி. காற்றுள்ள மண்ணில் டி.டி.இ.யாகவும், காற்றில்லாச் சேற்றில் வேறொரு சிதைவுப் பொருளாகவும் மெல்ல மாறும். சிதைந்தவை மிகுந்திருந்தால் பழைய மருந்து. தாய்ப்பொருள் மிகுந்திருந்தால் அண்மையில் வந்தது. அப்போதும் விவசாயியை நோக்கி விரல் நீட்டிவிடக் கூடாது. கொசு, மணல் ஈ ஒழிப்புக்கு அரசே அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறது.

கிளம்பும்போது, கரையோர வயலில் இப்போது என்ன அடிக்கிறார்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். புகையான் பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் என்றார். அது தண்ணீரில் கரைந்து ஓடும், சூட்டில் ஆவியாகாது, இந்த ஜி.சி.யின் கண்ணுக்கே படாது. அதற்குத் திரவ நிறப்பகுப்பும் நிறை அளவியும் சேர்ந்த கருவி வேண்டும். அதைக் கேட்டு எழுதிய கடிதத்தின் நகலைக் காட்டினார். கருவியின் விலைக்குக் கீழே, அதை இயக்க இருவருக்கு நிரந்தரப் பணியிடமும் கேட்டிருந்தார்.