பின்னறைக்கு எட்டாத வைஃபையும் பரணில் கிடந்த பழைய ரவுட்டரும்

சர்க்கரை, பிரஷர்னு எழுதுற இடத்துல இன்னைக்கு வைஃபை பத்தி ஒரு நீண்ட இழை. சின்ன கிளினிக், ஆடிட்டர் ஆபீஸ், டியூஷன் சென்டர் வச்சிருக்கிற எல்லாருக்கும் உதவும். முன்ரூம்ல நெட் பறக்குது, பின்ரூம்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. இதுதான் விஷயம்.

முதல்ல எங்க கிளினிக் எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். பழைய வீட்டை மாத்திக் கட்டினது. 20 அடி அகலம், 80 அடி நீளம். ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரூம். வாசல்ல ரிசப்ஷனும் மருந்துக் கடையும், அடுத்து என் ரூம், நடுவுல எக்ஸ்ரே ரூம், அதைத் தாண்டி ஈசிஜி, டிரெஸ்ஸிங், ரெண்டு கட்டில். இன்டர்நெட் கொடுக்க வந்த தம்பி வாசல் நிலைக்கு மேலேயே ரவுட்டரை மாட்டிட்டுப் போயிட்டார். அவருக்கு அங்கதான் வயர் மிச்சம். பாதி ஆபீஸ்ல ரவுட்டர் எங்க இருக்கணும்னு முடிவானது இப்படித்தான்.

வைஃபைங்கறது ரேடியோ அலை. பெரும்பாலான ரவுட்டர்ல ரெண்டு அலைவரிசை இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கொஞ்சம் நல்லாத் தாண்டும், வேகம் கம்மி. 5 கிகாஹெர்ட்ஸ் நல்ல வேகம், ஆனா ரெண்டு கெட்டிச் சுவர் குறுக்க வந்தா மூச்சு வாங்க ஆரம்பிச்சுடும். உலோகம்னா ரெண்டுமே திரும்பிடும். எங்க எக்ஸ்ரே ரூம்ல கதிர்வீச்சு வெளியே வராம இருக்க கெட்டிச் சுவர், கதவுல ஈயத் தகடு. எக்ஸ்ரேயையே மறிக்கிற தகடு வைஃபைக்கு மட்டும் வழி விடுமா?

இதுல மனுஷனும் ஒரு சுவர்தான். நம்ம உடம்புல பாதிக்கு மேல தண்ணி. தண்ணி இந்த அலைகளை உறிஞ்சும். மைக்ரோவேவ் அடுப்புல சோறு சூடாகறதும் 2.4-ஐ ஒட்டின அலைவரிசையிலதான். அதனால திங்கக்கிழமை காலைல ரிசப்ஷன்ல 40 பேர் உக்காந்திருக்கும்போது சிக்னல் மேலும் இளைச்சுடும். சாயங்காலம் ஆள் இல்லாத நேரத்துல வந்து டெஸ்ட் பண்ற டெக்னீஷியன் "எல்லாம் நல்லாத்தானே சார் இருக்கு"ம்பார்.

மெதுவா ஓடினா என்ன, கொஞ்சம் பொறுத்துக்கலாமேன்னு தோணும். நானும் பொறுத்துக்கற ஆள்தான். ஆனா நெஞ்சு வலின்னு ஒருத்தர் வந்தா, வந்த 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுத்துப் பாத்துடணும். எங்களை மாதிரி சின்ன ஊர்ல அடுத்த நிமிஷமே அதை போட்டோ எடுத்து இதய மருத்துவருக்கு அனுப்புவோம். ஒரு நாள் 50 வயசுக்காரர் ஒருத்தர், வேர்த்து விறுவிறுத்து வந்தார். ஈசிஜி பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. ஆஸ்பிரின் கொடுத்தாச்சு, 108-க்கு சொல்லியாச்சு. போட்டோ மட்டும் போகல. கெட்டிச் சுவர்ல மொபைல் டேட்டாவும் எடுக்காது. எங்க சிஸ்டர் போனைத் தூக்கிக்கிட்டு கூட்டத்தை விலக்கி வாசலுக்கு ஓடி, அனுப்பிட்டு, பதிலை வாங்கிக்கிட்டுத் திரும்பி ஓடி வந்தாங்க. அவர் நல்லா இருக்கார், போன மாசம் கூட வந்தார். ஆனா கட்டில் பக்கத்துல நிக்க வேண்டிய சிஸ்டர் வாசலுக்கும் உள்ளுக்குமா ஓடினது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

உடனே ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க. முதல் யோசனை, ஆறு கொம்பு வச்ச பெரிய ரவுட்டர். இதுல ஒரு ஏமாற்றம் இருக்கு. வைஃபைங்கறது ரேடியோ நியூஸ் மாதிரி ஒருவழி இல்ல, உரையாடல். நான் என் ரூம்லேர்ந்து உரக்கக் கத்தினா பின்கட்டில்ல இருக்கிற பாட்டிக்குக் கேக்கும். பாட்டி மெல்லிசா சொல்ற பதில் எனக்குக் கேக்காதே! போன்ல இருக்கிற ஆண்டெனா அந்தப் பாட்டி. ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும் போனோட குரல் அதேதான். போன்ல நாலு கோடும் காட்டும், போட்டோ போகாது. உங்க ஆபீஸ்லயும் 'சிக்னல் ஃபுல்லா இருக்கு, நெட் இல்ல'ன்னு யாராவது சொன்னா காரணம் இதுவா இருக்கலாம்.

ரெண்டாவது யோசனை ரிப்பீட்டர். பிளக்ல சொருகுற சின்னப் பெட்டி. நான் சொல்றதை நடுவுல நின்னு கேட்டு பாட்டிகிட்ட திருப்பிச் சொல்ற கம்பவுண்டர்னு வச்சுக்கோங்க. கேக்கும்போது அவரால பேச முடியாது, பேசும்போது கேக்க முடியாது. அதனால சாதாரண ரிப்பீட்டர்ல வேகம் பாதியாயிடும். அதோட எங்க கதைல அந்த கம்பவுண்டரை நிறுத்த வேண்டிய இடம் எக்ஸ்ரே ரூம் வாசல். அவருக்கே காது கேக்காத இடத்துல நிறுத்தி என்ன பண்றது? மெஷ்னு விக்கிற செட்டும் நல்ல சாமான்தான். ஆனா அந்தப் பெட்டிகளும் காத்துல பேசிக்கிட்டா, தாண்ட வேண்டியது அதே சுவர்.

சுவரை அலையால தாண்ட முடியலைன்னா வயரால தாண்டணும். முன்னாடி ரவுட்டர்லேர்ந்து பின்ரூம் வரைக்கும் ஒரே ஒரு கேபிள், அந்த முனையில ரெண்டாவது ரவுட்டர். இந்த கேபிள் 100 மீட்டர் வரைக்கும் இழுக்கலாம், எங்களுக்குத் தேவைப்பட்டது 30-க்கும் கம்மி. ரெண்டாவது ரவுட்டர் வாங்கவே இல்ல. முன்னாடி வச்சிருந்த கனெக்ஷனோட பழைய பெட்டி பரண்ல கிடந்துச்சு. (அந்த மாதிரிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கணுமான்னு முதல்ல கேட்டுக்கோங்க.) கேபிள் வாங்கும்போது கேட்6, முழுச் செம்புன்னு கேட்டு வாங்குங்க. அலுமினியத்துல செம்பு முலாம் பூசினதும் விலை குறைச்சலா கிடைக்குது, வேணாம். கரண்ட் வயர் போற பைப்லயே இதையும் சேத்து இழுக்க எலக்ட்ரீஷியன் ஆசைப்படுவார், விடாதீங்க.

இப்ப பழைய பெட்டியைத் தயார் பண்றது. வயரைச் சொருகினா மட்டும் போதாது. ரவுட்டரோட வேலைல ஒண்ணு, சேர்ற ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் கொடுக்கறது. ஐபி அட்ரஸ்னு பேர், நம்ம ஓபி டோக்கன் மாதிரி. டோக்கன் கொடுக்கற இந்த வேலைக்கு டிஹெச்சிபின்னு பேர். ஒரே ஓபில ரெண்டு பேர் தனித்தனியா டோக்கன் கொடுத்தா என்ன ஆகும்? 12-ஆம் நம்பரோட ரெண்டு பேர் வந்து சண்டை போடுவாங்க. அதனால ரெண்டாவது ரவுட்டர்ல டிஹெச்சிபியை நிறுத்திடணும். டோக்கன் முன்வாசல்ல மட்டும்.

முன்ரவுட்டரோட இணைக்கறதுக்கு முன்னாடியே இதைச் செஞ்சுடுங்க. ஊசியால ரீசெட் ஓட்டையை பத்து செகண்ட் அழுத்தி, லேப்டாப்பை வயர்ல நேரா மாட்டி, பெட்டிக்கு அடியில எழுதியிருக்கிற முகவரியை பிரவுசர்ல போட்டா செட்டிங்ஸ் திறக்கும். முன்ரவுட்டர் 192.168.1.1-ன்னா இதுக்கு 192.168.1.2 கொடுங்க. முதல் மூணு பகுதி ஒண்ணா இருக்கணும், கடைசி நம்பர் முன்ரவுட்டர் டோக்கன் கொடுக்கற வரிசைக்கு வெளியே இருக்கணும். அப்புறம் டிஹெச்சிபி ஆஃப். வைஃபை பேர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகை மூணும் முன்ரவுட்டர்ல இருக்கிற மாதிரியே. சேனல் மட்டும் வேற. 2.4-ல ஒண்ணுமேல ஒண்ணு ஏறாத சேனல் 1, 6, 11 மூணுதான். முன்னாடி 1, பின்னாடி 11 வச்சேன். 6-ல பக்கத்து செல்போன் கடை இருக்கு.

கடைசியா வயரை முன்ரவுட்டரோட லேன் போர்ட்லேர்ந்து பின்ரவுட்டரோட லேன் போர்ட்டுக்குச் சொருகணும். கலர் வேறயா தனியா இருக்கிற வேன் போர்ட் காலியாவே இருக்கட்டும். நிறைய பேர் அதுலதான் சொருகுவாங்க, நெட்டும் வரும், முடிஞ்சதுன்னு போயிடுவாங்க. ஆனா அப்படிச் செஞ்சா பின்கட்டு தனி வீடாயிடும். பின்னாடி இருக்கிற எக்ஸ்ரே கம்ப்யூட்டரை என் ரூம் கம்ப்யூட்டர் பாக்க முடியாது, படம் வராது. புது ரவுட்டர்ல ஆக்சஸ் பாயின்ட் மோடுன்னே ஒண்ணு இருக்கும். அதை அமுக்கினா இந்த வேலையில பெரும்பகுதியை அதுவே பாத்துக்கும், எந்த போர்ட்னும் அதுவே சொல்லும்.

பெட்டியை உயரமா, திறந்த இடத்துல மாட்டுங்க. தடுப்பூசி ஃபிரிட்ஜுக்குப் பின்னாடியோ ஸ்டீல் பீரோ மேலயோ வேணாம். ஒரு குறை வரும். முன்னாடியிருந்து நடந்து வர போன், பழைய ரவுட்டரையே விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கும். முன்ரவுட்டரோட டிரான்ஸ்மிட் பவரை ஒரு படி குறைச்சேன், சரியாயிடுச்சு. எல்லாரும் கூட்டச் சொல்ற இடத்துல குறைக்கறது விசித்திரமா இருக்கும், வேலை செய்யுது.

இன்னொண்ணு. காத்திருக்கிற நோயாளிங்க வைஃபை கேப்பாங்க, கொடுக்கலாம். ஆனா ரிப்போர்ட்டெல்லாம் இருக்கிற கம்ப்யூட்டர் ஓடற அதே வைஃபையைக் கொடுக்காதீங்க. முன்ரவுட்டர்லேயே கெஸ்ட் நெட்வொர்க்னு இருக்கும், அதைத் தனி பாஸ்வேர்டோட கொடுங்க. பின்னாடி கெஸ்ட் வைக்கல. ரவுட்டரை இப்படி வயர்ல கோத்தா பல பெட்டில கெஸ்ட்டும் உள் நெட்வொர்க்குக்குள்ளேயே வந்துடும்.

"ரெண்டு ரவுட்டர்னா ரெண்டு மடங்கு ரேடியேஷன் இல்லையா டாக்டர்?"னு எங்க மருந்துக் கடை அக்காவே கேட்டாங்க. எக்ஸ்ரே செல்லுக்குள்ள இருக்கிற அணுக்கள்லேர்ந்து எலக்ட்ரானைப் பிச்சு எடுக்கற ஆற்றல் உள்ளது. வைஃபைக்கு அந்த ஆற்றல் கிடையாது. ஒரு சாதாரண ரவுட்டர் வெளியே விடறது ஒரு வாட்ல பத்துல ஒரு பங்கு அளவுதான். 2011-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு ரேடியோ அலைகளை 2பி பட்டியல்ல சேத்தது உண்மை. ஆசிய முறை காய்கறி ஊறுகாயும் அதே பட்டியல்லதான் இருக்கு. 'இருக்கலாம், ஆனா ஆதாரம் போதல'ங்கறதுதான் அந்த வரிசை. ஈயக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மெஷினுக்குத்தான் நாங்க பேட்ஜ் மாட்டிக்கறோம், ரவுட்டருக்கு இல்ல.

கேபிள், கூலி எல்லாம் சேத்து 2,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. ஒரு வாரம் கழிச்சு கரண்ட் போனப்பதான் ஒண்ணு தெரிஞ்சது: பின்ரூம் அந்த பிளக்குக்கு இன்வர்ட்டர் லைனே இல்ல. எலக்ட்ரீஷியன் திரும்ப வந்து அதையும் மாத்திக் கொடுத்துட்டார். நீங்க மாட்டும்போதே அந்த பிளக் எந்த லைன்னு பாத்துடுங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க, சாயங்கால ஓபி முடிஞ்சு ஒன்பது மணிக்கு மேல பதில் போடறேன்.