பேக்-அவுட் கட்டம்

ஓய்வு பெற இன்னும் 11 நாள் இருக்கிறது. போன வாரம் ஒரு பையன், "சார், சேஞ்ச் டீம்னா அப்ரூவல் பட்டனை அமுக்குறதுதானே?" என்று கேட்டான். 22 வருஷமாகச் சனிக்கிழமை ராத்திரிகளைப் பல டீம்கள் சேரும் பிரிட்ஜ் காலில் கழித்தவனுக்கு அது சுருக்கென்று தைத்தது.

ஸ்டாண்டர்ட் சேஞ்ச் என்றால் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள். பலமுறை செய்து, படிகளை எழுதி, முன்கூட்டியே அனுமதி வாங்கிவைத்த வேலை அது. நார்மல் சேஞ்ச், மாற்றங்களை ஆராயும் கேப் (CAB) குழுவின் மீட்டிங்குக்கு வரும், விவாதிப்போம். என் தீராத தலைவலி எமர்ஜென்சிதான். சிஸ்டம் விழுந்து கிடந்தாலோ, பாதுகாப்பு ஓட்டையை அன்றே அடைக்க வேண்டியிருந்தாலோ திறக்கிற கதவு அது. கேப்புக்கு டிக்கெட் போட மறந்தவர்களெல்லாம் அதைத்தான் தட்டுகிறார்கள். அவசரத்தில் முதலில் காலியாக விடப்படுவது, மாற்றம் சரிவராவிட்டால் எப்படித் திரும்புவது என்று டிக்கெட்டில் எழுதவேண்டிய பேக்-அவுட் கட்டம்.

எனக்கு வேலை கற்றுத்தந்த மேடம் டிக்கெட்டில் முதலில் அதைத்தான் படிப்பார். ஒருமுறை நான் அதில், "பழைய வெர்ஷனை மறுபடி போடுவோம்" என்று எழுதியிருந்தேன். "டேபிளை மாத்திட்டீங்களே, பழைய வெர்ஷன் அதைப் படிக்குமா? போட்டுப் பார்த்தீங்களா? எத்தனை மணிக்கு மேல திரும்ப முடியாது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. டெஸ்ட் சர்வரில் போட்டுப் பார்த்தேன். பழைய வெர்ஷன் எழவில்லை. பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை மீட்க மூன்று மணி நேரம் ஆனது. எங்களுக்குக் கொடுத்திருந்ததோ இரண்டு மணி நேரம்.

சோதிக்காமல் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2012 ஜூனில் பிரிட்டனின் ஆர்பிஎஸ் வங்கிக் குழுமத்தில் பேட்ச் வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளை அப்கிரேட் செய்தார்கள். கோளாறு தெரிந்ததும், விளைவைச் சோதிக்காமல் அந்த அப்கிரேடை நீக்கினார்கள். சின்னக் கோளாறு பெருங்கோளாறானது அப்போதுதான். 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2014-இல் வங்கிக்கு விதிக்கப்பட்ட அபராதம் 5.6 கோடி பவுண்டு.

இன்று எங்கள் டிக்கெட்டுகளின் பேக்-அவுட் கட்டத்தில் "ரோல்பேக்" என்று ஒரே சொல். அதுவும் பழைய டிக்கெட்டிலிருந்து காப்பி. கேட்டால், "பைப்லைன் பார்த்துக்கும் சார்" என்கிறார்கள். மென்பொருளின் கோடை (code) முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர, வெர்ஷன்களைத் தானாகப் போடும் பைப்லைனால் முடியும். இடையில் வாடிக்கையாளர் செய்த பணப் பரிமாற்றங்களை அது என்ன செய்யும்?

என் இடத்துக்கு வரப்போகிறவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேக்-அவுட் கட்டத்தில் ஒற்றைச் சொல் இருந்தால் டிக்கெட்டைத் திருப்பி அனுப்புங்கள். எமர்ஜென்சி என்றாலும், யார் போன் செய்தாலும்.