என் திரையில் என் இஷ்டம்

என் கணினித் திரையின் வலது ஓரத்தில் ஒரு கடிகாரம், அதன் கீழே தமிழில் கிழமை, அதற்கும் கீழே ஹார்ட் டிஸ்கில் மிச்சமிருக்கும் இடம். இவற்றை வரைந்து காட்டுவது ரெயின்மீட்டர். கிம்மோ பெக்கோலா என்பவர் 2001இல் விண்டோஸுக்காகத் தொடங்கிவைத்த மென்பொருள் அது, இன்றும் இலவசம்தான். இதனால் வேலைக்குக் காலணா பிரயோஜனமில்லை. மணி பார்க்க டாஸ்க்பாரே போதும். ஆனாலும் எழுத்தின் அளவு என்ன, நிறம் என்ன, ஓரத்திலிருந்து எத்தனை பிக்சல் தள்ளி நிற்க வேண்டும் என்று ராத்திரி கண்விழித்துப் பார்த்துப் பார்த்துச் செய்ததாயிற்றே! 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்று அறிவிப்பு வந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

வீண் பயம் என்றும் தள்ளிவிட முடியாது. விண்டோஸ் 7இல் இதேபோலத் திரையில் கேட்ஜெட் வைத்து அழகு பார்த்தவர்களிடம், அவற்றால் ஆபத்து, அணைத்துவிடுங்கள் என்று 2012இல் மைக்ரோசாஃப்டே சொன்னது. விண்டோஸ் 8இல் அவை இல்லவே இல்லை. டாஸ்க்பாரைத் திரையின் உச்சியில் வைத்துப் பழகியவர்களுக்கு 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது அதை மேலே ஏற்ற வழியில்லாமல் போயிற்று. லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் காங்கி, 1.10ஆம் பதிப்பில் அமைப்புகளை எழுதும் முறையையே லுவா மொழிக்கு மாற்றிக்கொண்டது. ஆனால் பழைய ஃபைலைப் புது வடிவத்துக்கு மாற்றித்தரும் ஒரு சின்ன நிரலையும் கூடவே கொடுத்தார்கள். பயனாளர்மீது ஒரு மென்பொருளுக்கு எவ்வளவு மரியாதை இருக்கிறது என்பது இப்படிப்பட்ட இடத்தில்தான் தெரிகிறது.

ரெயின்மீட்டர் இந்த விஷயத்தில் ஒழுங்கான பிள்ளை. நிரல் இருப்பது ப்ரோகிராம் ஃபைல்ஸில். கடிகாரம் போலத் திரையில் தெரியும் ஒவ்வொன்றும் ஒரு ஸ்கின்; அந்த ஸ்கின்கள் இருப்பது டாக்குமென்ட்ஸில். எந்த ஸ்கின் திரையில் எங்கே நிற்கிறது என்ற கணக்கை ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ஒரு ஐஎன்ஐ ஃபைலில் எழுதிவைக்கிறது. அப்டேட் கைவைப்பது நிரலில் மட்டும்தான். வீட்டுக்காரர் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் போகிறார். குடித்தனக்காரரின் பீரோவைத் திறப்பதில்லை.

வம்பு வருவது ஸ்கின்னை அப்டேட் செய்யும்போது. அதை உருவாக்கியவர் புதுப் பதிப்பு விடுகிறார். நிறுவினால் பழைய ஃபோல்டர் இருந்த இடத்தில் புதியது வந்து உட்காரும். பழையது ஸ்கின்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே பேக்அப் என்ற பெயரில் ஒதுக்கிவைக்கப்படும். பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நிறம், ஊர், எழுத்துரு போன்றவற்றை ஒரு தனி ஃபைலில் வைத்து, 'இதன் மதிப்புகளைக் காப்பாற்று' என்று ஆசிரியர் பொதியிலேயே குறித்துவைத்தால் அவை தப்பிவிடும். குறிக்காவிட்டால் போச்சு. அதனால் அடுத்தவர் எழுதிய ஸ்கின்னில் நேரடியாகக் கைவைக்காதீர்கள். நகலெடுத்து, வேறு பெயர் வைத்து, அதில் உங்கள் கைவரிசையைக் காட்டுங்கள்.

தமிழர்களுக்கென்று ஒரு தனித் தலைவலியும் உண்டு. கிழமையைத் தமிழில் காட்ட மொழிக் குறியீட்டைக் கொடுத்தால் போதும். ஆனால் 'மிச்சம்' என்று நாமே ஒரு சொல்லை எழுத வேண்டுமானால், ஸ்கின் ஃபைலை யுடிஎஃப்-16 எல்இ குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். 2019 முதல் நோட்பேட் புதிய ஃபைல்களைத் தானாகவே யுடிஎஃப்-8இல் சேமிக்கிறது. அப்படியே விட்டால் 'மிச்சம்' இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். அப்டேட் கெடுத்துவிட்டது என்று அதன்மேல் பழி போடாமல், 'சேவ் அஸ்' பெட்டியின் அடியில் இருக்கும் குறியாக்கப் பட்டியலை ஒரு முறை பாருங்கள்.

டாக்குமென்ட்ஸை மட்டும் நகலெடுத்துவிட்டு எல்லாம் பத்திரம் என்று இருந்துவிடக் கூடாது. ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். விண்டோஸ் அதைத் தானாகக் காட்டாது. ரன் பெட்டியில் இருபுறமும் சதவீதக் குறியிட்டு அதன் பெயரை அடித்தால் திறக்கும். உள்ளே இருக்கும் ரெயின்மீட்டர் ஃபோல்டரையும் சேர்த்து ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு, அப்புறம் அப்டேட் பட்டனை அழுத்துங்கள்.