நீரால் வந்த வறட்சி

வறட்சிக்கு மருந்து நீர் என்பது நிலத்துக்குப் பொருந்தும். தோலுக்கு முழுதும் பொருந்துவதன்று. இவ்வுண்மையை யாம் நூலில் கற்கவில்லை. எம் உம்மாவின் கால்களில் கற்றோம். அவர் வருந்தக் கற்றோம்.

உம்மா பிறந்து வளர்ந்தது மன்னார் வளைகுடாக் கரையில். குளித்தல் என்னும் சொல்லுக்கு மூழ்குதல் என்னும் பொருளும் உண்டு என்பதற்கு, அக்கரையின் முத்துக்குளித்தலையே மாணவர்க்குச் சான்று காட்டுவது எம் வழக்கம். ஆயின் உம்மாவின் குளியலில் மூழ்குமளவு நீர் என்றும் இருந்ததில்லை. ஒரு வாளிக் கிணற்று நீர், ஒரு கிண்ணம் பயற்றமாவு, வாரம் இருமுறை தேங்காய் எண்ணெய், அவ்வளவே. வாப்பா மறைந்தபின் 2018ஆம் ஆண்டு எம்முடன் தங்க வந்தபோதும் ஒரு தகர டப்பா நிறையப் பயற்றமாவு கொண்டுவந்தார். குளியலறைச் சாக்கடையை மாவு அடைத்துவிடும் என்று அதனைப் பரண்மேல் ஏற்றியவர் யாமே.

அதற்கு ஈடாக யாம் அளித்தவை வெந்நீர் ஹீட்டரும், கிருமியைக் கொல்லும் என விளம்பரம் பெற்ற சோப்பும், முரட்டு நைலான் நாரும். காலை மாலை இருவேளையும் ஆவி பறக்கும் நீரை ஊற்றித் தேய்த்துக் குளிப்பாட்டினோம். தாய்க்குச் செய்யும் பணிவிடையில் குறை வைக்கலாகாது என்பது எம் எண்ணம். மூன்று திங்களில் முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை பூத்தது. நகம் பட்டால் கோடு விழுந்தது. பின்னர்க் கோடைக் கண்மாயின் தரைபோல் வெடித்து, வெடிப்பில் குருதி கசிந்தது. இரவெல்லாம் சொறிந்தார். யாமோ அதனை அழுக்கென்று கருதி இன்னும் அழுத்தித் தேய்த்தோம். “போதும் மவளே, எரியுது” என்றார் ஒருநாள். அன்றும் யாம் நிறுத்தவில்லை.

வளைகுடா நாட்டிலிருந்து தம்பி அனுப்பிய ஜைத்தூன் எண்ணெயையும் பூசிப் பார்த்தோம், தீரவில்லை. இறுதியில் தோல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். உணவைப் பற்றி வினவுவார் என்றிருந்த எம்மிடம் அவர் குளியலைப் பற்றியே வினவினார். எத்தனை முறை? எவ்வளவு நேரம்? எவ்வளவு சூடு? விடை சொல்லச் சொல்ல எம் குரல் தாழ்ந்தது.

தோலின் புறப்படலம் செங்கற்சுவர் போன்றது என்றார் அவர். உயிரற்ற செல்கள் செங்கற்கள். அவற்றிடையே உள்ள கொழுப்பே சாந்து. சாந்து உள்ளவரை உடலின் ஈரம் எளிதில் வெளியேறாது. சுடுநீர் அக்கொழுப்பை இளக்குகிறது. சோப்பு அதனைக் கழுவிக்கொண்டு போகிறது. நலமான தோல் சற்றே அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். ஏறத்தாழ 5. சோப்புக் கட்டியோ பெரும்பாலும் 9 முதல் 10 வரை காரமுடையது. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் அது நுரைக்காமல் தோலிலேயே படிந்தும் விடுகிறது. இளையோர் தோல் இழந்ததை விரைவில் ஈட்டிக்கொள்ளும். எண்ணெய்ச் சுரப்பு தளர்ந்த முதியோர் தோலுக்கு அவ்வலிமை இல்லை. (விடுதியில் மார்கழிக் குளிருக்கு அரைமணி நேரம் வெந்நீரில் நிற்கும் எம் மாணவியரும் இதனை எண்ணிப் பார்க்கலாம்.)

ஜைத்தூன் எண்ணெயைப் பற்றிப் பெரியோர் எம்மைச் சினவாதிருப்பாராக. உண்ண அது நல்லதே. ஆயின் 2013இல் வெளிவந்த இங்கிலாந்து நாட்டு ஆய்வொன்று, அவ்வெண்ணெய் தோலின் காப்பைத் தளர்த்துவதையும், சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யாமையையும் கண்டறிந்தது. உம்மாவின் தேங்காய் எண்ணெய்க்கோ 2004ஆம் ஆண்டின் பிலிப்பைன்ஸ் ஆய்வு துணை நிற்கிறது.

மருத்துவர் விதித்தவை சிலவே. நாளுக்கு ஒரு குளியல், வெதுவெதுப்பான நீர், பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது. சோப்பு வேண்டுமாயின் அக்குள், மறைவிடம், பாதம் ஆகியவற்றுக்கு மட்டும். துண்டால் ஒற்றவேண்டும், தேய்க்கலாகாது. ஈரம் முற்றும் காயுமுன் களிம்பு பூசவேண்டும்.

உம்மாவுக்கு ஓர் ஐயம் எழுந்தது. களிம்பு பூசிய காலில் ஒளு கூடுமா? நீரைத் தடுக்கும் அடையாக அப்பாமல், தோலில் ஊறுமளவு மெல்லிதாகப் பூசினால் தடையில்லை என்று தெருவிலுள்ள ஆலிம் தெளிவுறுத்தினார். அதன்பின்னரே களிம்பைத் தொடவிட்டார். குறைந்த நீரில் குளிப்பதைப் பற்றியோ அவருக்கு ஐயமே இல்லை. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளுவும், நான்கு அல்லது ஐந்து முத்து நீரில் குளிப்பும் முடித்தார்கள் என்பது நபிமொழித் தொகுப்புகளில் உள்ள செய்தி. இம்முத்து அரபு அளவை. இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. “ஓதிக்கொடுத்த லெப்பை இத அப்பவே சொன்னாக” என்றார் உம்மா. எம்மை நோக்கிச் சொல்லவில்லை. சுவரை நோக்கிச் சொன்னார்.

பரணிலிருந்த டப்பாவை இறக்கினோம். மாவில் வண்டு விழுந்திருந்தது. புதிதாகத் திரித்து, மெல்லிய துணியில் சலித்துக் கொடுத்தோம். இரண்டு திங்களில் வெடிப்புகள் மூடின. உம்மா இரவில் உறங்கலானார். சாக்கடை மட்டும் யாம் அஞ்சியபடியே அடைத்துக்கொள்கிறது. திங்களுக்கொருமுறை கம்பி விட்டுக் குத்தி எடுக்கிறோம்.