முப்பத்தெட்டு லட்சமும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும்

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் உண்டு. ஹார்லிக்ஸ் தவிர மற்றதெல்லாம் அதில் இருக்கும். ஓட்டைக் காலணா, சாவி போன பூட்டு, பூட்டுப் போன சாவி, அப்பாவின் அறுந்த வாட்ச், அடியில் துணியில் முடிந்த நாலு வெள்ளி ரூபாய்.

இதில் சேராத ஒரே காசு பூஜை அறையில் இருந்தது. ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணன், அனுமார். மறு பக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அதைப் புளி போட்டுத் தேய்த்து, குங்குமம் வைத்து, "இருநூறு வருஷத்துக் காசுடா, என் மாமியார் கொடுத்தது" என்பாள்.

வினை, லஞ்ச் டைமில் வந்தது. பக்கத்து சீட்காரர் செல்போனை நீட்டினார். "பழைய காசு இருக்கா? லட்சாதிபதி ஆகலாம்!" டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கே லட்சக்கணக்கில் தருவார்களாம். அப்படியென்றால் சாட்சாத் ராமருக்கு எவ்வளவு தருவார்கள்? தயிர் சாதம் தொண்டையில் நின்றது.

அன்று ராத்திரி, அம்மா தூங்கினபிறகு, காசைத் திருட்டுத்தனமாகப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஐந்தாவது நிமிஷம் போன். "சார், முப்பத்தெட்டு லட்சம் தரோம், சரியா வருமா?" என்றது ஒரு மரியாதையான குரல். மனுஷன் பேரம் பேச வேண்டாமோ? "நாற்பதாப் பண்ணுங்களேன்" என்றேன். "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன் சார்" என்றான். அந்த மேலிடம்தான் என்னைக் கவிழ்த்தது.

மறுநாள் ரிசர்வ் பாங்க் பெயரில் ஒரு சான்றிதழ் வந்தது. பனைமரம், புலி எல்லாம் இருந்தது. புலி மட்டும் கொஞ்சம் பூனை ஜாடையில் இருந்ததைக் கவனித்தேன். முப்பத்தெட்டு லட்சம் வரும்போது புலியின் ஜாடையையா பார்ப்பது? பதிவுக் கட்டணம் 1,850 கட்டினேன். அடுத்து ஜி.எஸ்.டி. என்று 14,500. அதையும் கட்டினேன். அது தங்கைக்கு ஜூன் மாதக் காலேஜ் பீஸுக்காக நான் சீட்டு போட்டுச் சேர்த்த பணம். ராஜினாமாக் கடிதத்தை மானேஜரிடம் எந்த முகத்தோடு கொடுப்பது என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை வேறு பார்த்தாகிவிட்டது. மூன்றாவதாகக் கமிஷன் 42,000 கேட்டபோதுதான் என் சட்டைப் பைக்கே புத்தி வந்தது.

பாரிமுனைப் பக்கம் மாடிப்படிக்குக் கீழே பழைய காசுக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். ராமரைக் கையில் கூட வாங்கவில்லை.

"தம்பி, கம்பெனிக்காரன் இப்படி ஒரு காசு அடிச்சதே இல்லை. இது பிற்காலத்துல கோயில் வாசல் கடையில விக்கறதுக்குப் பண்ணினது. கும்பிடறதுக்கு நல்லது. விக்கறதுக்கு ஆகாது."

"ரிசர்வ் பாங்க் வாங்கறதாச் சொன்னாங்களே?"

"ரிசர்வ் பாங்கே அப்படி யாரையும் நியமிக்கலை, ஏமாறாதீங்கன்னு 2021 ஆகஸ்ட்லயே அறிக்கை விட்டாச்சு. எவ்வளவு கட்டினே?"

சொன்னேன். பாவம், அவர் சிரிக்கவில்லை. டீ சொன்னார்.

டீ குடிக்கிற தைரியத்தில் ஹார்லிக்ஸ் பாட்டில் முடிச்சை அவிழ்த்தேன். அவர் முகம் மாறியது. மூன்றை ஒதுக்கினார். ஒன்று கிரீடம் இல்லாத மொட்டைத் தலை எட்வர்ட். "இது ஒவ்வொண்ணும் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நூத்துக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940-லேர்ந்து அதைப் பாதியாக் குறைச்சுட்டான். 1947-ல வெள்ளியே கிடையாது, நிக்கல். காந்தம் வெச்சா ஒட்டிக்கும்."

நாலாவதை லென்ஸில் பார்த்தார். 1911, ஐந்தாம் ஜார்ஜ். "அடடா!"

அவர் சொன்ன கதை இது. ராஜாவின் மார்பில் தொங்கும் மாலையில் குட்டியாக ஒரு யானை. அந்த வருஷத்து அச்சில் தும்பிக்கை குட்டையாகப் போய், பார்க்கிறவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. ராஜா பன்றியை மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஒரே ரகளை, முக்கியமாக முஸ்லிம்களிடம். சுமார் 94 லட்சம் காசு அடித்ததில் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. பாக்கியை நிறுத்தி உருக்கிவிட்டு, 1912-ல் தும்பிக்கையைத் திருத்திவிட்டார்கள். அதனால் தப்பிப் பிழைத்த பன்றி ரூபாய்க்குச் சேகரிப்பவர்களிடம் தனி மவுசு.

"அப்போ இது...?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

லென்ஸை என்னிடம் கொடுத்தார். ஜார்ஜின் மார்பு வழவழவென்றிருந்தது. யானையும் இல்லை, பன்றியும் இல்லை.

"வீட்டுல புளி போட்டுத் தேய்ப்பாங்களோ?"

"தீபாவளிக்குத் தீபாவளி. சாம்பலும் சேர்த்து."

"அந்தக் கறுப்புத்தான் தம்பி காசு. இப்ப எடைக்குத்தான் போகும். கூடக் கொஞ்சம் நான் போட்டுத் தரேன்."

தரவில்லை; வீட்டுக்கு எடுத்து வந்தேன். வழியில் 1930-க்குப் போன் போட்டுப் புகார் கொடுத்தேன். பணம் போன உடனே கூப்பிட்டிருந்தால் அதை நடுவழியில் நிறுத்தி வைக்க வழி உண்டாம். நான் மேலிடத்தின் பதிலுக்காகப் பதினெட்டு நாள் காத்திருந்தவன்.

அப்பாவை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தெருவை எட்டிப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ராமர் காசு எங்கம்மா கொடுத்ததில்லைடா. கல்யாணமான புதுசுல, மாமியார் தனக்கு ஒண்ணுமே தரலைன்னு உங்கம்மா அழுதா. ராமேஸ்வரத்துல ரெண்டு ரூபாய்க்கு வாங்கி, எங்கம்மா கொடுக்கச் சொன்னான்னு கொடுத்தேன்."

"இந்த வெள்ளி?"

"அதுதான் எங்கம்மாவோடது. மொத்தம் பதினொண்ணு. ஏழு, நீ காலேஜ் சேர்ந்தப்ப போச்சு."

மறுநாள் அவரே முடிச்சோடு பாரிமுனைக்குப் போய் வந்தார். பீஸ் கட்டியாயிற்று. 1911 மட்டும் திரும்பி வந்திருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா ராமரைத் தேய்த்து வைத்தாள். "மாமியார் கைராசி. ஜூன் மாசம் பணமுடை இல்லாமத் தாண்டிட்டோம் பாரு" என்றாள். அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.