ஆறு கணக்கெடுப்பாளர்களும் ஒரு செங்கல் சூளையும்



போன வாரம் நம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1996-ல் ஐந்தாம் வகுப்பு, கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம் என்றால் அந்த செட் பிள்ளைகள் கண்டுபிடித்து விடுவீர்கள். இப்போது கோவையில் மென்பொருள் வேலை. வீடு வீடாக, இடம் இடமாகப் போய் ஆய்வு செய்கிற ஆட்களை மேய்ப்பதற்கு ஒரு ஆப் செய்கிறார்களாம். யார் எந்தத் தெருவில் நிற்கிறார், எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று எல்லாமே மேற்பார்வையாளரின் திரையில் வந்துவிடும். "சார், நீங்க சென்சஸ்ல சூப்பர்வைசரா இருந்தீங்களே, ஆறு பேரை எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். போனில் சொன்னது எனக்குப் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1991-லும் 2001-லும் நான் கணக்கெடுப்பாளர். 2011-ல் மேற்பார்வையாளர். ஒரு மேற்பார்வையாளருக்கு ஆறு கணக்கெடுப்பாளர்கள் என்பது கணக்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாக், அதில் சுமார் 600, 700 பேர். பிப்ரவரி 9 முதல் 28 வரை எடுப்பு. 28-ம் தேதி இரவு, வீடில்லாமல் பஸ் நிலையத்திலும் கோயில் வாசலிலும் படுத்திருப்பவர்களை எண்ண வேண்டும். மார்ச் 1 முதல் 5 வரை திரும்ப ஒரு சுற்று. இடையில் பிறந்த குழந்தையைச் சேர்க்க, இறந்தவரை நீக்க. ஒரு நபருக்கு 29 கேள்விகள். படிவத்தை மடிக்கக் கூடாது, கட்டத்துக்கு வெளியே எழுத்துப் போகக் கூடாது, ஏனென்றால் அதை இயந்திரம் படிக்கப் போகிறது. இத்தனையும் பகலில் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டு.

யார் எவ்வளவு முடித்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் சாயங்காலம் டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு ஆறு வீட்டுக்கும் போக வேண்டும். ஒரு டீச்சர் வீட்டில் காபி, ஒரு சார் வீட்டில் "இன்னிக்கு போகலைங்க, பையனுக்குக் காய்ச்சல்". பக்கத்துக்குப் பக்கம் ஆண், பெண் கூட்டல் சரிபார்த்து முடிக்க ராத்திரி பதினொன்று ஆகும். இந்த வேலையை ஆப் செய்யும் என்றால் நான் இரண்டு கையையும் தூக்கி வரவேற்கிறேன். தாய்க்கு 24 வயது, மகனுக்கு 16 என்று எழுதினால் அங்கேயே நிறுத்திக் கேட்கும். காகிதம் கேட்காது. வரப்போகிற கணக்கெடுப்பு, 2021-ல் நடந்திருக்க வேண்டியது, 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து செல்போன் ஆப் வழியாகத்தான் நடக்கப் போகிறது. நல்லதுதான்.

ஆனால் செங்கல் சூளையைச் சொல்ல வேண்டும்.

என்னுடைய ஆறு பிளாக்கில் இரண்டுக்கு நடுவே ஒரு ஓடை. வரைபடத்தில் இந்தப் பக்கத்துக்காரர் ஓடை வரை வரைந்திருந்தார், அந்தப் பக்கத்து டீச்சரும் ஓடை வரை வரைந்திருந்தார். ஓடையோ இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு மேடு. அதில் சூளை. வேறு மாவட்டத்திலிருந்து வந்த பதினோரு குடும்பங்கள் அங்கே குடிசை போட்டிருந்தன. இரண்டு பேரும் அது மற்றவருடையது என்று நினைத்திருந்தார்கள். இரண்டு பேரின் கணக்கும் சுத்தம். வீட்டு எண்ணிக்கை வரைபடத்தோடு அச்சாகப் பொருந்தியது. அன்றைக்கு இந்த ஆப் இருந்திருந்தால் இரண்டு பிளாக்கும் பச்சையாக, நூற்றுக்கு நூறு என்று காட்டியிருக்கும். எனக்கு வழக்கம், எடுப்பு முடிவதற்குள் பக்கத்துப் பிளாக்காரர் இருவரையும் சேர்த்துக்கொண்டு எல்லையை ஒரு தடவை நடந்துவிடுவது. அப்படிப் போனபோதுதான் புகை தெரிந்தது. சேலையில் தொட்டில் கட்டி ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் அம்மா, "எங்களையும் எழுதுவாங்களா சார்?" என்று கேட்டாள். டீச்சர் அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

அதனால் என் மாணவரிடம் முதலில் சொன்னது இதுதான்: ஆட்களைப் பிரித்துக் கொடுத்தபிறகு, யாருக்கும் கொடுக்காத இடம் எது என்று உன் திரை காட்டுமா? கொஞ்ச நேரம் பேச்சில்லை. "யோசிக்கணும் சார்" என்றார்.

இரண்டாவது, "இன்னும் தெரியவில்லை" என்று போட ஒரு இடம் வேண்டும். எல்லாக் கட்டமும் நிரம்பினால்தான் அடுத்த பக்கம் போகும் என்று வைத்தால், நாலாவது தெருவில் வெயிலில் நிற்கிறவர் எதையாவது நிரப்பத்தான் செய்வார். பாட்டிக்கு வயது என்ன? "அறுபது இருக்கும், எழுபது போட்டுக்க." இப்படிப் போட்டுப் போட்டுத்தான் நம் நாட்டுக் கணக்கில் 0-விலும் 5-லும் முடிகிற வயதுக்காரர்கள் குவிந்து கிடக்கிறார்கள். தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடி கல்யாணமா, பின்னாடியா? அண்ணா ஆட்சிக்கு வந்தப்ப மூத்த பிள்ளை நடந்துச்சா? இப்படிக் கேட்டால் வயது ஓரளவு பிடிபடும். பத்து நிமிடம் ஆகும். "இவர் மெதுவாக வேலை செய்கிறார்" என்று ஆப் காட்டும் அந்தப் பத்து நிமிடம்தான் சரியான வேலை. அதேபோல "என்ன வேலை செய்றாங்க?" என்றால் புருஷன் வாசலிலிருந்தே, "அவ சும்மாதான் இருக்கா" என்பார். உள்ளே அந்த அம்மா பீடி சுற்றிக்கொண்டிருப்பார். சொந்த வயலில் கூலியில்லாமல் பாடுபடுவதும் சென்சஸில் வேலைதான். உள்ளே எட்டிப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

படம் எடுத்து அனுப்பச் சொன்னால் ஏமாற்ற முடியாதே என்றார். தம்பி, நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் தினம் இரண்டு வேளை இடக்குறியோடு படம் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஜூலையில், படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. சந்தேகப்பட்டு வேலை வாங்கினால் ஆள் கேமராவுக்கு வேலை செய்வார், வீட்டுக்கு அல்ல. என் ஆறு பேரில் ஒருவர் ஏழே நாளில் முடித்துவிட்டார். படிவங்கள் முத்து முத்தாக இருந்தன. அவரை நான் எதுவும் கேட்கவில்லை. "வாங்க சார், ஒரு பத்து வீடு சேர்ந்து பார்த்துட்டு வருவோம்" என்றேன். மூன்றாவது வீட்டில் அவரே, "சார், இந்தத் தெருவை நான் திரும்ப எடுத்துடறேன்" என்றார். எடுத்தார். அவரோடு இன்றைக்கும் நல்ல பழக்கம்.

நம் பிள்ளைகள் பலர் இப்போது ஆசிரியர்கள். இந்தத் தடவை உங்களுக்கு ஆணை வரும். பயிற்சி வகுப்பில் கொடுக்கும் கையேட்டை வீட்டில் ஒரு முறை முழுதாகப் படியுங்கள், குறிப்பாக எல்லை பற்றிய பகுதியை. போனுக்கு ஒரு பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், தொப்பி. சந்தேகம் என்றால் என்னைக் கூப்பிடலாம், மாலை ஆறுக்கு மேல். அதற்கு முன் பேத்திக்கு வாய்ப்பாடு நடக்கிறது.