சித்தப்பாவின் ஊறலும் என் பிரிட்ஜும்

போன மாதம் அம்மாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் மூலையில் நின்ற பழைய பிரிட்ஜையும் அதன்மேல் சிவப்பு எண்கள் மின்னும் சின்னப் பெட்டியையும் பார்த்துவிட்டார். "இன்னாடா அது, பிரிட்ஜு மேல மீட்டரு?" என்று கேட்டார். "மருந்து வெக்கிறதும்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. 36 வயதில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில், சட்டப்படி எந்தத் தவறும் செய்யாமல், வாடகை கட்டும் என் வீட்டில் நின்றுகொண்டு பொய் சொன்னேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரிட்ஜுக்குள் இருந்தது மருந்தல்ல, பீர். நானே தயாரித்தது.

இணையருக்குச் செவிலியர் வேலை கிடைத்ததால் இந்த ஊருக்கு வந்தோம். நான் வீடற்றவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் வேலை பார்க்கிறேன். அங்கே உடன் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்றபோது, 25 லிட்டர் மூடி போட்ட வாளி ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மால்ட் சாறு, ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர். இவ்வளவுதான் என்றார். இவ்வளவு மட்டும் இல்லை என்பது ஆகஸ்ட் மாதத்தில் தெரிந்தது. மாடி அறையில் வெயில் அடிக்க, 26 டிகிரியில் வாளியை வைத்தேன். வந்த பீரில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை. ஒரு கிளாஸ் குடித்ததற்கு மறுநாள் முழுக்கத் தலைவலி.

காரணம் எளிது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது அதுவே வெப்பத்தை உண்டாக்கும். நொதிக்கும் பீர், சுற்றியிருக்கும் காற்றைவிட மூன்று நான்கு டிகிரி சூடாகவே இருக்கும். ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி போதும். சூடு மிஞ்சினால் வேண்டாத வாடைகளையும் காரமான கன ஆல்கஹால்களையும் அது கக்கும்.

சரி, பிரிட்ஜில் வைக்கலாம் என்றால் அது உணவுக்காகச் செய்தது. அதன் குமிழை எப்படித் திருப்பினாலும் நமக்கு வேண்டிய 19 டிகிரியில் நிற்காது. ஈஸ்ட் தூங்கிப்போகும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1870களில் ஜெர்மனியில் கார்ல் ஃபான் லிண்டே தன் குளிரூட்டும் எந்திரத்தை உருவாக்கியபோது, அதற்குப் பணம் போட்டுக் காத்திருந்தவர்கள் பீர் ஆலைக்காரர்கள். குளிர்பதன எந்திரம் வீட்டுச் சமையலறைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

இங்கேதான் அந்தச் சின்னப் பெட்டி வருகிறது. என்னிடம் இருப்பது இங்க்பேர்ட் ஐடிசி-308. பிரிட்ஜைப் பிரித்து ஒயரை மாற்றும் வேலையெல்லாம் கிடையாது. பெட்டியின் பிளக்கைச் சுவரில் சொருகி, பிரிட்ஜின் பிளக்கைப் பெட்டியின் குளிர் சாக்கெட்டில் சொருக வேண்டும். பிரிட்ஜின் சொந்தக் குமிழை அதிகக் குளிரில் வைத்துவிட்டால், மின்சாரம் வரும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் எப்போது வர வேண்டும் என்பதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். நான் 19 என்று வைத்திருக்கிறேன், வித்தியாசம் 0.5. சென்சார் 19.5 காட்டினால் பிரிட்ஜ் ஓடும், 19க்கு இறங்கினால் நிற்கும். நின்ற கம்ப்ரஸர் உடனே மறுபடி ஓடினால் உள்ளிருக்கும் அழுத்தம் சமமாகாமல் மோட்டார் திணறும். அதற்காக மூன்று நிமிடத் தாமதமும் வைக்கலாம். குளிர்காலத்துக்கு இன்னொரு சாக்கெட் இருக்கிறது. அதில் வாளியைச் சுற்றிக் கட்டும் சூட்டுப் பட்டையைச் சொருகினால் போதும்.

இவ்வளவும் செய்து இரண்டாவது பீரும் கெட்டது. பெட்டி 19 என்றே காட்டியது, பீரிலோ பழைய வாடை. தவறு என்னுடையது. சென்சார் ஒயரைப் பிரிட்ஜுக்குள் சும்மா தொங்கவிட்டிருந்தேன். அது காற்றை அளந்தது. காற்று 19இல் இருக்க, வாளிக்குள் பீர் தன் சூட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை சென்சாரை வாளியின் பக்கவாட்டில், திரவ மட்டத்துக்குக் கீழே டேப் போட்டு ஒட்டி, மேலே ஸ்பாஞ்சு வைத்துக் கட்டினேன். அதற்கு முன் ஐஸ் தண்ணீரில் முக்கி, பூஜ்யம் காட்டுகிறதா என்று சரிபார்த்தேன். பீர் நன்றாக வந்தது.

கருவி பொய் சொல்லவில்லை. எங்கே வைத்தேனோ அங்கே இருந்ததைச் சொன்னது. சமூகவியல் முதுகலையில் எங்களுக்குத் தலைதலையாக அடித்துச் சொன்ன பாடம் இதுதான். அதைச் சொல்லித்தந்த வகுப்பில் உட்கார்ந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் என் சித்தப்பா.

தொண்ணூறுகளில், விழுப்புரம் பக்கத்துக் காலனி எங்களுடையது. கூலி வேலை கிடைக்காத மாதங்களில் சித்தப்பா ஓடை மணலில் பானை புதைத்துச் சாராய ஊறல் போடுவார். இருட்டியபின் ஊர்த்தெருவிலிருந்து ஆட்கள் வருவார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடாதவர்கள், எங்கள் வீட்டுச் சாராயத்தை மட்டும் சொந்தப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போவார்கள். போலீஸ் வந்தால் காலனிக்குத்தான் வரும். சித்தப்பா மூன்று முறை உள்ளே போனார். ஒருமுறை ஜாமீனுக்குச் சித்தியின் தோடு போனது. ஆறாம் வகுப்பில் ஓர் ஆசிரியர், "உங்க வீட்ல படிப்பு ஓடுதா, ஊறல் ஓடுதா?" என்று கேட்க, வகுப்பே சிரித்தது. சித்தப்பா என்ன வேலை செய்கிறார் என்று யார் கேட்டாலும் பொய் சொல்ல அன்று பழகினேன். அம்மாவிடம் சொன்ன பொய் அந்தப் பழக்கத்தின் மிச்சம்.

'சேரி என்றால் சாராயம்' என்ற பொதுப்புத்திக்கு ஆதாரம் கேட்டால் வழக்குப் பதிவேட்டைக் காட்டுவார்கள். அந்தப் பதிவேடு, யார் பிடிபட்டார்கள் என்பதை அளக்கிறது. யார் குடித்தார்கள் என்பதை அது அளக்கவே இல்லை. சென்சாரைக் காலனியில் தொங்கவிட்டுவிட்டு ஊர்த்தெருவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பிரிட்டனிலும் ஒரு காலத்தில் வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் வேண்டியிருந்தது. 1880இல் வந்த அந்த விதியை 1963இல் எடுத்துவிட்டார்கள். சொந்த உபயோகத்துக்குப் பீர் போடலாம், விற்கக் கூடாது, சாராயம் வடிக்கவும் கூடாது. நம்மூரில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் இருக்கிறது. 2003 முதல் அரசே கடை வைத்துச் சில்லறையில் விற்கிறது. நான் இங்கே செய்வதை அங்கே செய்தால் கைது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் செத்தபோது, இங்குள்ள தமிழ் நண்பர் ஒருவர் "நீ போடுறதும் அந்த மாதிரிதானே" என்றார். இல்லை. மால்ட்டை நொதிக்க வைத்தால் வருவது எத்தனால். ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் அதில் வராது. கருணாபுரத்தில் கொன்றது வெளியிலிருந்து கொண்டுவந்து கலக்கப்பட்ட மெத்தனால். அதைக் கொண்டுவந்தவனையும் கண்டுகொள்ளாமல் விட்டவனையும் கேட்க வேண்டிய கேள்வியை, செத்த தினக்கூலிகளிடம் "ஏன் குடித்தாய்" என்று கேட்டார்கள்.

குடிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. குடியால் சிதைந்தவர்களோடு தினமும் வேலை செய்கிறேன். சித்தியின் தோடும் எனக்கு மறக்கவில்லை.

போன ஞாயிறு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டிவிட்டு, போனைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். பெட்டி என்ன செய்யும் என்று விளக்கினேன்.

"சூடு ஏறாம பாத்துக்குது, அதான? நான் ஓட மணல்ல பொதச்சதும் அதுக்குத்தான்டா. எல்லாரும் போலீசுக்குப் பயந்துன்னு நெனச்சிக்கினாங்க."

30 வருடமாக நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"கரண்ட்டு போனா?"

"கதவத் தொறக்காம இருந்தா ரொம்ப நேரம் தாங்கும் சித்தப்பா."

"போலீசு?"

"வர மாட்டாங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஈரத்துணி சுத்தி வெச்சிப் பாரு, இன்னும் நல்லா நிக்கும்" என்றார். அடுத்த ஞாயிறு பிரிட்ஜ் கதவைத் திறந்து அவருக்குக் காட்டப்போகிறேன்.